புள்ளலூர் மண்ணும் ஒரு பித்தளை பக்கிளும்

காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை. பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உதவிக்குப் போகவேண்டிய மன்றோ காஞ்சிபுரத்திலேயே இருந்துவிட்டு, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். இன்று ஊரில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களும் மறு ஆண்டுப் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை. சிப்பாய்களுக்கு மண்தான்.

அதனால்தான் சொல்கிறோம் தோழர்களே, இப்படிப்பட்ட நிலத்தை உழும்போது பித்தளை பக்கிள் ஒன்று தட்டுப்பட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தோல் வார் மக்கிவிடும், பித்தளை நிற்கும்.

புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பச்சைக் களிம்பை வைத்து வயது சொல்பவர்களை நம்பாதீர்கள். ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் களிம்பு சீக்கிரமே ஏறிவிடும். பார்க்கவேண்டியது முத்திரையை. கம்பெனிச் சின்னம் இருந்தால் அது 1858க்கு முந்தைய படை. வி.ஆர். என்ற எழுத்துகள் விக்டோரியா காலம், 1901 வரை. மூன்று சிங்க முகம் தெரியும் அசோகச் சின்னம் என்றால் 1950க்குப் பிறகு. படைப்பிரிவு எண் இன்னும் நெருக்கமாகக் காலத்தைச் சொல்லும். 1903இல் எண்கள் மாற்றப்பட்டபோது முதலாம் மெட்ராஸ் பயனியர்ஸ் 61ஆம் பயனியர்ஸ் ஆனது. 1922இல் அந்த எண்ணும் போனது. ஆக, 61 பயனியர்ஸ் என்று பொறித்த பக்கிள் இந்த இருபது ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது.

அதை இடுப்பில் கட்டியவர் யார்? பக்கிளில் சாதி எழுதியிருக்காது. ஆனால் படைப் பதிவேடுகளில் சாதிவாரிக் கணக்கு உண்டு. புள்ளலூர்த் தோல்விக்கு 20 நாள் கழித்து, 1780 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய பயனியர் கம்பெனிகள்தான் பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயின. பாதை வெட்டவும் பாலம் கட்டவும் பதுங்குகுழி தோண்டவும் பறையர்கள் அதில் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். ராணுவத்தில் சாப்பர்களை இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள்.

1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குலம்’ என்ற கதையைக் கட்டினார்கள். தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்று சொல்லி மெட்ராஸ் காலாட்படைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறைத்தார்கள். சேரிக்கு வந்துகொண்டிருந்த சம்பளமும் பென்ஷனும் அப்படித்தான் சுருங்கின.

பொருள் கிடைத்தால், எந்த நிலம், எவ்வளவு ஆழம் என்று அன்றைக்கே எழுதி, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு உங்கள் தெருவில் எந்த வீட்டையாவது ‘பட்டாளத்தார் வீடு’ என்று சொல்கிறார்களா என்று வயதானவர்களிடம் கேளுங்கள்.