ரீஃபர் கொள்கலன்

கெட்டுப்போகும் உணவைக் குளிரூட்டிக் கடல்வழி அனுப்ப உதவும் சரக்குப்பெட்டி. துறைமுக வழக்கில் 'ரீஃபர்'. தமிழ்நாட்டிலிருந்து உறைய வைத்த இறாலும் மீனும் இதில் ஏற்றுமதியாகின்றன.

முன்வரலாறு: 19ஆம் நூற்றாண்டில் குளிர் எதிர்த்திசையில் வந்தது. அமெரிக்க வணிகர் ஃபிரடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து மரத்தூள் பொதிந்து அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்கவே 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். 1882இல் 'டுனெடின்' கப்பல், உறைந்த ஆட்டிறைச்சியை நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கெடாமல் சேர்த்தது.

செயல்முறை: ரீஃபர் சரக்கை உறையவைப்பதில்லை, ஏற்கெனவே உள்ள குளிரைக் காக்கிறது. எனவே இறாலை ஆலையிலேயே உறையவைத்து, -18 செல்சியஸில் ஏற்றுவார்கள். தரையின் நீள்பள்ளங்கள் வழியே குளிர்காற்று பாய்ந்து, அட்டைப்பெட்டிகளின் ஊடே மேலேறித் திரும்பும். உட்சுவரின் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்றின் வழி அடைபடும். கப்பலிலும் துறைமுக முற்றத்திலும் மின்னிணைப்பு உண்டு, சாலையில் ஜெனரேட்டர்.

பச்சைச் சரக்கு: பறித்த பின்னும் காய்கனிகள் மூச்சுவிடுவதால், காற்றுத்துளையைத் திறந்து வைப்பர். வாழைக்கு 13–14 செல்சியஸ் ஏற்றது. அதற்குக் கீழே போனால் தோல் கறுக்கும்.