தோஷமும் போக்கியமும்: திருவரங்கக் கதைமரபில் மனிதக் குறை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏழு மதில்களுக்குள் வளர்ந்த திருவரங்கம், கோயில் வரலாற்றிலும் கல்வெட்டியலிலும் பெற்றுள்ள கவனத்தை, தமிழில் சிறுகதை சொல்லும் கலையின் பழைய களங்களுள் ஒன்று என்ற முறையில் இன்னும் பெறவில்லை. திவ்வியப் பிரபந்தத்துக்கு இவ்வூரில் உரை சொன்ன ஆசாரியர்கள், பாசுரத்தின் ஒரு சொல்லை விளக்குவதற்காக, முன்னோர் வாழ்வில் நடந்ததாக வழங்கிய ஒரு சிறு நிகழ்ச்சியை இடையில் எடுத்துச் சொல்வது வழக்கம். இவ்வாறு வாய்வழியாக வந்து உரைக்குள் தங்கிய நிகழ்ச்சிக்கு ஐதிஹ்யம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆகும். படி என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. நம்பிள்ளையின் மாணவரான பின்பழகிய பெருமாள் ஜீயர், ஆழ்வார்கள், ஆசாரியர்கள் ஆகியோரின் வரலாறுகளை ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் என்னும் நூலாகத் தொகுத்தார். தமிழையும் வடமொழியையும் மணியும் பவளமும் போலக் கோத்த மணிப்பிரவாள நடையைக் கண்டு இந்நூல்களை ஒதுக்குகிற வாசகர் இழப்பது பெரிது; ஏனெனில், அடியார் பெருமை பேச எழுந்த இக்கதைகளில் குறையே இல்லாத மனிதரைக் காண்பது அரிது.

இம்மரபின் மிகச் சிறந்த கதை, இன்று திருச்சிராப்பள்ளி மாநகருக்குள் அடங்கிய உறையூரில் தொடங்குகிறது. சோழனிடம் பணிபுரிந்த மல்லரான உறங்காவில்லி, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, காவிரியின் சுடுமணலில் நடக்கும் தம் மனைவி பொன்னாச்சிக்குக் குடைபிடித்துக்கொண்டு, அவள் முகத்தையன்றி வேறெதையும் பாராமல் பின்னோக்கி நடந்து செல்கிறார். சீடர்களோடு அவ்வழியே வந்த இராமானுசர், உலகம் சிரிப்பதையும் பொருட்படுத்தாத இச்செயலுக்குக் காரணம் கேட்க, அவளுடைய கண்களின் அழகே காரணம் என்கிறார் வில்லி. அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவீரோ என்று கேட்ட இராமானுசர், அவரை அரங்கன் சன்னதிக்கு அழைத்துச் சென்று பெருமாளின் திருக்கண்களைக் காட்டுகிறார். இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டியது, ஆசாரியர் குடையைக் கீழே போடச் சொல்லவில்லை என்பதாகும். மோகத்தைப் பழித்து ஒரு சொல்லும் பேசாமல், அதே ஆர்வத்துக்கு அவர் வேறொரு முகத்தைக் காட்டுகிறார். வில்லி பொன்னாச்சியைத் துறக்கவும் இல்லை, இருவருமே ஊர் பெயர்ந்து திருவரங்கத்தில் குடியேறுகின்றனர்.

இதன் தொடர்ச்சியாக வழங்கும் மற்றொரு கதை, குறையைத் தேடி இன்னும் ஆழத்துக்குச் செல்கிறது. காவிரியில் நீராடி மீளும்போது, அந்தணரல்லாத வில்லியின் தோளில் கைவைத்து இராமானுசர் நடந்துவருவது மடத்துச் சீடர் சிலருக்கு உறுத்தலாக இருந்தது. ஓரிரவு, உலர்த்தியிருந்த அவர்களுடைய ஆடைகளில் சிறிது சிறிது கிழித்துவைக்கச் செய்தார் ஆசாரியர். விடிந்ததும் சீடர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். பிறகு வில்லியை மடத்தில் பேச்சில் இருத்திவிட்டு, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கவர்ந்துவருமாறு அதே சீடர்களை அனுப்பினார். ஒருபுறத்து நகைகளை அவர்கள் கழற்றி முடித்தபோது, விழித்துக்கொண்டே படுத்திருந்த பொன்னாச்சி, மறுபுறத்து நகைகளும் அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று புரண்டு படுக்க, வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர். வீடு திரும்பிய வில்லி களிப்படையவில்லை. ‘என் நகை, நான் கொடுக்கிறேன்’ என்ற எண்ணமே அவளைப் புரளச் செய்தது என்று வருந்திக் கடிந்தார். திருட வந்தோரிடம் மட்டுமன்றி, கொடுக்கிற கையிலும் ‘நான்’ என்பது ஒளிந்திருக்கக் கூடும் என்பதை, ஒரு காதில் தோடும் மற்றொரு காதில் வெறுமையுமாகப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம் காட்டிவிடுகிறது. குறியீடு என்ற சொல்லை இலக்கியத் திறனாய்வு கைக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு பொருளின் மீது முழுக் கருத்தையும் ஏற்றிவைக்கும் கலை இவ்வூரில் கைவந்திருந்தது.

இதன் அருமை, வேறொரு மண்ணின் கதையை அருகில் வைத்துப் பார்க்கும்போது இன்னும் தெளிவாகும். அமெரிக்கச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான நத்தேனியல் ஹாதார்ன், 1843இல் வெளியிட்ட ‘பிறவி மச்சம்’ என்று பொருள்படும் கதையில், அய்ல்மர் என்னும் அறிவியலாளன் தன் மனைவி ஜார்ஜியானாவின் கன்னத்தில் சிறு கைவடிவில் சிவந்து தோன்றும் மச்சத்தைக் குறையாகக் கருதி, அதனைப் போக்க ஒரு மருந்தைக் காய்ச்சிக் கொடுக்கிறான்; மச்சம் மங்கி மறைய, அவள் உயிரும் உடன் பிரிகிறது. ஹாதார்ன் பிறந்த சேலம் நகரம், 1692இல் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைத் தூக்கிலிட்ட ஊர். அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் அவருடைய முன்னோர். பிறவியிலேயே மனிதனைப் பற்றிக்கொண்ட பாவத்தை ஓயாது நினைத்திருந்த பியூரிட்டன் எனப்படும் கடுநெறிக் கிறித்தவச் சூழல், குறையை அகற்றவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவித்த தவிப்பை அக்கதையில் கேட்கலாம். இரு கதைகளிலும் கணவனின் பார்வை மனைவியின் முகத்தை விட்டு அகல்வதில்லை. அய்ல்மருக்கோ அம்முகத்தில் மச்சம் மட்டுமே தெரிகிறது.

திருவரங்கத்தார் இக்கேள்வியைக் கதையோடு நிறுத்திவிடாமல் சித்தாந்தமாகவும் ஆக்கினர். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகனான பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் விரித்த வாத்சல்யம் என்னும் கருத்துக்கு உவமையாக நிற்பது பசு. வத்ஸம் என்றால் கன்று; ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள வழும்பைத் தாய்ப்பசு அருவருக்காமல் விரும்பி நக்கி உண்பதுபோல, அடியாரின் குற்றத்தை இறைவன் பொறுப்பதோடு நில்லாமல் இனிய உணவாகவே கொள்கிறான் என்பது கொள்கை. குற்றம் இன்பப் பொருளாகும் இந்நிலைக்குத் தோஷபோக்யத்வம் என்று பெயர். வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார் இதனை ஏற்கவில்லை. இறைவன் குற்றத்தைக் காணாதவன்போல் இருந்துவிடுகிறான் என்பதே பொருள், அதை விரும்புகிறான் என்றால் குற்றம் செய்ய ஊக்குவிப்பதாகிவிடும் என்று மறுத்தனர். தென்கலை, வடகலை என்னும் வைணவப் பிரிவுகளுக்கு இடையே எண்ணப்படும் பதினெட்டு வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று. மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் இங்கு வழங்கிய கதைகளோடு ஒட்டிப் போவது பசுவின் உவமையே.

45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில் தம் தகுதியின்மையை மறைக்காமல் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வாரின் வரலாற்றில், தேவதேவி என்னும் கணிகையின் மீது மயங்கிக் கைப்பொருள் இழந்து அவள் வாசலில் கிடந்த அவருக்காக (அப்போது அவர் பெயர் விப்ரநாராயணர்), அரங்கனே ஆள்மாறிச் சென்று தன் கோயிலின் பொன்வட்டிலைக் கொடுத்துவருகிறான். அந்த வட்டிலே திருட்டுக்குச் சான்றாகி அவரைச் சிறையில் தள்ளுகிறது, அதுவே அருளுக்கும் சான்றாகி மீட்கிறது. நம்பிள்ளையின் காலத்துக் கதை இன்னும் எளியது. அவருடைய புகழைப் பொறாமல் பலர் நடுவே வைதுவிட்ட கந்தாடைத் தோழப்பர், இரவில் மனம் நொந்து மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்தபோது, வையப்படும் அளவுக்குத் தாம் என்ன பிழை செய்தோமோ என்று அஞ்சிய நம்பிள்ளை அந்த வாசலிலேயே கிடந்தார். அன்று தோழப்பர் அவருக்குச் சூட்டிய உலகாரியன் என்ற பெயரே, வடமொழியில் லோகாசாரியர் என்று அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு இடப்பட்டது.

இம்மரபு ஒருமுறை சிதறவும் நேர்ந்தது. 1323இல் தில்லிப் படை வந்தபோது உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்ற பிள்ளை லோகாசாரியர், மதுரையை அடுத்த சோதிஷ்குடியில் மறைந்தார். திருமேனி 1371இல்தான் ஊர் திரும்பியது. சிதறிய உரைமரபைப் பின்னர் ஒருமுகப்படுத்தி, ஸ்ரீவசனபூஷணத்துக்கும் உரை கண்டவர் மணவாள மாமுனிகள்.

குறையை மனிதருக்கு மட்டும் உரியதாக வைக்காத துணிவும் இவ்வூருக்கு உண்டு. பங்குனித் திருநாளில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்குச் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்து மீள்கிறார். பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னதியை அடையும்போது கதவு சாத்தப்படுகிறது. பிரணயகலகம், அதாவது அன்புப்பூசல், என்று வழங்கும் இந்நிகழ்ச்சியில் பூவும் வெண்ணெயும் பெருமாள் மேல் எறியப்படுகின்றன. இருதரப்பு வாதங்களும் வாசிக்கப்படுகின்றன. குழல் ஏன் கலைந்தது, கஸ்தூரித் திருநாமம் ஏன் கரைந்தது என்று தாயார் தரப்பு ஒவ்வோர் அடையாளமாகக் கேட்க, காற்றையும் வெயிலையும் காரணம் காட்டுகிறது பெருமாள் தரப்பு. நம்மாழ்வார் இடைநின்று சமாதானம் செய்தபின் கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் சேர்ந்து எழுந்தருளும் சேர்த்தி நிகழ்கிறது. இத்தகைய ஒரு சேர்த்தியின் முன்னிலையில்தான் இராமானுசர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு; அந்நாளில் இன்றும் சேவிக்கப்படும் அந்த உரைநடை வேண்டுகோள், செய்த குற்றங்களையும் செய்துகொண்டிருக்கும் குற்றங்களையும் மட்டுமல்லாமல், இனிச் செய்யப்போகும் குற்றங்களையும் சேர்த்தே பொறுக்கச் சொல்கிறது.