சிங்கப்பூர் – நியூயார்க்: வான்தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையிலோ 18 மணி நேரத்துக்கும் மேல். தொலைவு பாதிக் கணக்குதான். மீதி காற்றின் கையில். அந்தக் குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. விமானங்களோ பெரும்பாலும் பசிபிக்கின் மேலே, மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளப் பறக்கின்றன. சுற்றுவழியில் எரிபொருள் வீணாகாதா என்று கேட்கலாம். எரிபொருள் தீர்வது தரைத் தூரத்தைப் பொறுத்தல்ல, காற்றூடாகப் பறக்கும் தூரத்தைப் பொறுத்து. திரும்பும் விமானம் சில நாட்களில் அட்லாண்டிக் வழியே மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதும் இதனால்தான். ஆக, போய்வந்தால் உலகையே ஒரு சுற்று! இத்தகைய நெடும்பயணத்துக்காக, 2018இல் நியூயார்க்கை அடுத்த நெவார்க் நிலையத்துக்கான சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்; இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.