பிளாக்ஹெட்ஸ்: புழு, அழுக்கு, சிறைச்சாலை

மூக்கைச் சுற்றியும் தாடையிலும் ஊசிமுனை அளவுக்குக் கருப்பாக உட்கார்ந்திருக்குமே, அதுதான் பிளாக்ஹெட்ஸ். தமிழில் கரும்புள்ளி என்கிறோம். ஆனால் வெயிலில் வரும் கறுமை, மங்கு எல்லாத்துக்கும் அதே பேரைச் சொல்வதால் இந்தப் பதிவில் பிளாக்ஹெட்ஸ் என்றே எழுதுகிறேன். "எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வந்துடுதே" என்பதுதான் இதைப் பற்றிய நிரந்தரப் புலம்பல். வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் புலப்படுது. அந்தப் புள்ளி என்னன்னு ஒரு காலம் நம்பியதோ, அதற்கேற்ற வைத்தியத்தைத்தான் அந்தக் காலம் செய்திருக்கு. முதலில் புழு என்றார்கள். பிறகு அழுக்கு என்றார்கள். கடைசியில் உண்மை தெரிந்து, வேலை செய்யும் மருந்தும் வந்தது. அந்த மருந்து வந்த வழியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

புழு

மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கொமெடோ. லத்தீனில் 'தின்று தீர்ப்பவன்' என்று பொருள். ஜெர்மன் மொழியில் மிட்எஸ்ஸர், அதாவது 'கூட உட்கார்ந்து தின்பவன்'. ஒரு தோல் புள்ளிக்கு ஏன் இப்படி ஒரு பேர்? அழுத்திப் பாருங்க, வெளிறிய மஞ்சள் நிறத்தில் நூல் மாதிரி நெளிந்து வரும். நுனி மட்டும் கருப்பு. உடம்பும் தலையுமாக அசல் புழுதான்! ஐரோப்பாவில் ரொம்ப காலம் அப்படியே நம்பினார்கள். நன்றாகச் சாப்பிட்டும் ஒரு குழந்தை மெலிந்துகொண்டே போனால், தோலுக்குள் இருக்கும் புழு அதன் சோற்றில் பங்கு கேட்கிறது என்றார்கள். வெந்நீரில் குளிப்பாட்டி, முதுகைத் தேய்த்து, அந்தப் 'புழுவை' வெளியேற்றப் பார்த்தார்கள். குழந்தை மெலிந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கும். அதை யாரும் தேடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1842இல் பெர்லினைச் சேர்ந்த குஸ்டாவ் சைமன் என்ற மருத்துவர் மயிர்க்காலுக்குள் இருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நிஜமாகவே ஒரு உயிர் இருந்தது. எட்டுக் காலோடு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள உண்ணி. அடுத்த வருஷம் ரிச்சர்ட் ஓவன் அதற்கு டெமோடெக்ஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் நோயுள்ள மயிர்க்காலிலும் அது இருந்தது, நல்ல மயிர்க்காலிலும் இருந்தது. அழுத்தினால் வெளியே வருவது அந்த உண்ணி இல்லை. புழுக் கதை அத்தோடு முடிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அழுக்கு

புழு போன இடத்தில் அழுக்கு வந்து உட்கார்ந்தது. கருப்பா இருக்கு, துவாரத்தை அடைச்சிருக்கு, அப்போ தூசிதானே? பார்க்க நியாயமாகத்தான் தெரியும். 1910களில் அமெரிக்காவில் உட்பரி சோப்பு விளம்பரங்கள் இதைப் பெண்கள் பத்திரிகைகளில் பாடமாகவே நடத்தின. முகத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சொரசொரப்பான துணியில் நுரை கட்டித் துவாரத்துக்குள் தேய், கடைசியில் பனிக்கட்டி வை. ஒரு நோய்க்குறி, நீ சுத்தமா இல்லைங்கிற குற்றச்சாட்டாக மாறியது இப்படித்தான். இன்றைக்கும் பதினாறு வயசுப் பிள்ளையைப் பார்த்து "மூஞ்சியை ஒழுங்கா கழுவு" என்று சொல்கிறோமே, அது இந்தக் காலத்து மிச்சம். அரிசி மாவும் சர்க்கரையும் வைத்துத் தேய்ப்பதும், 1990களில் ஜப்பானிலிருந்து வந்த, மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டையும் அதே நம்பிக்கையின் வாரிசுகள்தான்.

உண்மையில் அது அழுக்கே இல்லை. மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ச் சுரப்பி விடும் எண்ணெய் அதில் கலந்து ஒரு அடைப்பாகிறது. வாய் மூடியிருந்தால் வெள்ளைப் புள்ளி, திறந்திருந்தால் கருப்புப் புள்ளி. இரண்டும் ஒரே பொருள்தான். கருப்புக்கு முக்கியக் காரணம் மெலனின், நம்ம தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே நிறமி. அடைப்பை வெளியே எடுத்துப் பாருங்க, மேல்நுனிதான் கருப்பு, அடிப்பாகம் வெளிறித்தான் இருக்கும். சோப்பால் இதைக் கழுவிவிட முடியாது. பிதுக்கினால் இன்றைய அடைப்பு போகும். ஆனால் செல்கள் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அப்படியே இருப்பதால் அடைப்பு திரும்ப உருவாகும். 'பிடிவாதம்' என்று நாம் சொல்வது அதைத்தான்.

தொழிற்சாலையிலிருந்து சிறைக்கு

அழுக்குக் கதையில் முதல் ஓட்டையைப் போட்டவர்களில் தொழிலாளர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் குளோரின் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு முகமெல்லாம் பிளாக்ஹெட்ஸாக வந்தது. 1899இல் ஃபிராங்பர்ட் மருத்துவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் இதற்குக் குளோரக்னே என்று பெயர் வைத்தார். எவ்வளவு கழுவினாலும் அது போகவில்லை. காரணம் ஆலையில் உருவான வேதிப்பொருள். அதில் மோசமான ஒன்று டையாக்ஸின் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1964இல் அமெரிக்காவின் மிட்லண்டில் களைக்கொல்லி தயாரித்த டவ் கெமிக்கல் ஆலையிலும் தொழிலாளர்களுக்கு இது வந்தது.

எவ்வளவு டையாக்ஸின் பட்டால் மனிதத் தோல் இப்படி ஆகும்? டவ் இந்தக் கேள்வியைக் கொண்டுபோன ஆள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அவரிடம் ஆள் பஞ்சமே இல்லை. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951இலிருந்து சோதனை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். பலர் தண்டனை பெற்றவர்கள்கூட இல்லை, ஜாமீன் கட்டப் பணம் இல்லாமல் விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள். சோதனைக்குச் சம்மதித்தால் சில டாலர் கிடைக்கும். சிறைக்குள் அது பெரிய காசு. 1960களின் நடுவில் சுமார் 70 கைதிகளின் தோலில் டையாக்ஸின் தடவப்பட்டது. அதன் பிறகு 10 பேருக்கு, டவ் அனுமதித்ததைவிடப் பல நூறு மடங்கு அளவு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பருவும் பிளாக்ஹெட்ஸும் வந்தன. தங்கள் தோலில் பட்டது என்ன என்று பலருக்குப் பல வருஷம் தெரியாது.

இதே கிளிக்மன்தான் பிளாக்ஹெட்ஸுக்கான மருந்தையும் தந்தார். விட்டமின் ஏ அமிலத்தைத் தோலில் தடவும் யோசனை அவருக்கு முன்பே ஜெர்மனியில் இருந்தது. 1962இலேயே குண்டர் ஸ்டுட்கன் அதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் தோல் எரிந்து உரிந்ததால் அது பரவவில்லை. பருவுக்கு அது எப்படி வேலை செய்யுது என்பதை 1969இல் கிளிக்மன், ஃபுல்டன், பிளேவிக் மூவரும் வெளியிட்டார்கள். 1971இல் அமெரிக்காவில் ரெட்டின்-ஏ என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. இன்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் ட்ரெடினோயின் என்று கிடைப்பது அதுதான். செல்கள் ஒட்டிக்கொள்வதையே அது தடுக்கிறது. புழுவையோ அழுக்கையோ துரத்தாமல் காரணத்தைத் தொட்ட மருந்து. அதன் ஆரம்பகாலச் சோதனைகளும் ஹோம்ஸ்பர்க் கைதிகளின் தோலில்தான் நடந்தன.

சிறைச் சோதனை 1974இல் நின்றது. 1998இல் ஆலன் ஹார்ன்ப்ளம் எழுதிய 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' வந்த பிறகுதான் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஏக்கர் கணக்கில் தோல் என்ற அந்தத் தலைப்பு, சிறைக்குள் முதன்முதலில் நுழைந்தபோது கண்டதைப் பற்றிக் கிளிக்மன் தானே சொன்னது. 2000இல் ஏறக்குறைய 300 முன்னாள் கைதிகள் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கிளிக்மன் 2010இல் இறந்தார், கடைசிவரை தான் தவறு செய்ததாக ஒத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022 அக்டோபரிலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இப்போ என்ன செய்யலாம்?

தேய்ப்பதையும் நகத்தால் பிதுக்குவதையும் விட்டுடுங்க. தழும்புதான் மிஞ்சும். மூக்கில் சாம்பல் நிறத்தில் வரிசையாக, தட்டையாகத் தெரிவது பெரும்பாலும் பிளாக்ஹெட்ஸே இல்லை. செபேஷியஸ் ஃபிலமென்ட் என்ற இயல்பான அமைப்பு அது, எடுத்தால் சில வாரத்தில் திரும்ப வரத்தான் செய்யும். நிஜமான பிளாக்ஹெட்ஸ் என்றால் தோல் மருத்துவரைப் பாருங்க. ட்ரெடினோயினோ, 1996இல் வந்த அடாபலினோ எழுதித் தருவார். கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லணும். இரவில் கொஞ்சமாகத் தடவணும், பகலில் வெயிலுக்குப் பாதுகாப்பு வேணும். முதல் சில வாரம் தோல் உரியும், பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும்.

அந்த டியூபை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்தைக் குப்பையில் போட்டால் அந்தக் கைதிகளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. ஆனால் அதன் மேல் கம்பெனிப் பெயர் இருக்கும், கிளிக்மன் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கும், முதுகைக் கொடுத்தவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அவர்கள் இருந்தார்கள் என்பதையாவது தெரிந்துகொண்டு தடவுவோம்.