ஆயியின் வீடு

திருநள்ளாற்றுக்காரர்களுக்குத் தலைநகரம் என்பது நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டிய ஊர். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை வாங்கியதால் வந்த வினை இது. ஒரு கையெழுத்துக்காகப் புதுச்சேரி போகிறவர்கள், வேலை முடிந்ததும் பாரதி பூங்காவில் கொஞ்ச நேரம் உட்காராமல் திரும்புவதில்லை. பூங்காவை ஒட்டி ராஜ் நிவாஸ், சட்டமன்றம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த இடம் கோட்டைக்குள் இருந்தது. டூப்ளே காலத்தில், 1752-ல், ஆளுநர் மாளிகை கட்டி முடிந்தது. இரண்டே வருடத்தில் பாரிஸ் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. டூப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாள் முன்புதான் இறந்திருந்தார். கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். மூன்று வருடம் முன்பு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலடி. இப்போது நாம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு எழும்பியவை.

இடிந்த இன்னொரு வீட்டின் கதையை ஊர் சொல்கிறது. ஆயி ஒரு தேவதாசி. விளக்கொளியில் மின்னிய அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னாராம். கும்பிட்டது ராஜா, தண்டனை அவளுக்கு! ஆயி கேட்டது ஒன்றுதான்: நானே இடித்துக்கொள்கிறேன். இடித்த இடத்தில் குளம் வெட்டினாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. அதன் நினைவாக எழுந்ததுதான் மண்டபம். குளத்தின் கதையைக் கேட்டு நெகிழ்ந்து பேரரசரே கட்டச் சொன்னார் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தண்ணீருக்கு ஒரு பெண்ணின் பெயரை வைப்பது ஐரோப்பியர்களுக்குப் பழகிய விஷயம். ரோமில் போலி அரண்மனையின் சுவரோடு ஒட்டி நிற்கும் த்ரெவி நீரூற்று, புதுச்சேரி தரைமட்டமான அடுத்த வருடம், 1762-ல் முடிந்தது. அதற்கு நீர் தரும் பழைய கால்வாயின் பெயர் 'கன்னி'. தாகத்தோடு வந்த ரோமானிய வீரர்களுக்கு ஒரு சிறுமி ஊற்றைக் காட்டினாளாம். அந்தக் காட்சியை நீரூற்றின் மேலே செதுக்கியிருக்கிறார்கள்.

ரோமின் சிறுமி காட்டியதோடு சரி. ஆயிக்கு வீடே போயிற்று. மண்டபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவளைத் தியாகி என்கிறார்கள். பறித்துக்கொண்டதைத் தியாகம் என்று எப்படிச் சொல்வது?

டூப்ளேக்கு 1870-ல் சிலை வைத்தார்கள். இன்று அவர் கடற்கரைச் சாலையில் நிற்கிறார். அவர் காலத்து மாளிகை இருந்த பகுதியில், நட்டநடுவில், இருப்பது ஆயியின் பெயர்தான்.