பங்குனியும் ஐப்பசியும்: பத்மநாபர் விழாக்களும் ஒளிப்படக் கலைஞரின் கண்ணும்

ஆண்டுதோறும் மார்ச் 20ஐயும் செப்டம்பர் 22, 23ஐயும் ஒட்டிய மாலைகளில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒளிப்படக் கலைஞர்கள் கூடுகின்றனர். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்குப் பின்னே இறங்கும் கதிரவன், அதன் நிலைகளின் நடுச் சாளரங்களில் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகிறான். அப்படங்கள் அன்றிரவே சமூக ஊடகங்களில் பரவுகின்றன. சமஇரவு நாளைக் காட்டுவதற்கென்றே முன்னோர் இக்கோபுரத்தை எழுப்பினர் என்ற குறிப்பும் உடன் செல்கிறது. படம் உண்மை. குறிப்பு ஆய்வுக்குரியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால், கோயில் விழாக்களுக்கும் பருவங்களுக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள உறவு வேறோரிடத்தில் புலப்படும்.

முதலில் வானியல். சமஇரவு நாளில் கதிரவன் ஏறத்தாழ நேர்மேற்கில் மறைகிறான். திருவனந்தபுரம் வட அட்சரேகை 8.5 பாகையில் இருப்பதால், அவனது பாதை தொடுவானத்தை ஏறக்குறைய 81.5 பாகைக் கோணத்தில் சந்திக்கிறது. அதாவது, கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறான். எனவே நேர்கிழக்கு நோக்கிய ஒரு கோபுரத்தின் சாளரங்கள் ஒரே செங்குத்து வரிசையில் அமைந்தால், கதிரவன் அவ்வரிசையை ஒட்டியே கீழிறங்குவான். வடக்கே தில்லியில் இதே அமைப்பு இருந்தால், பாதை மிகச் சாய்ந்திருப்பதால் ஓரிரு சாளரங்களுடன் காட்சி முடிந்துவிடும். அந்நாள்களில் கதிரவன் மறையும் இடம் நாளொன்றுக்குச் சுமார் 0.4 பாகை நகர்கிறது; கதிரவனின் தோற்ற விட்டமோ ஏறத்தாழ 0.5 பாகை. ஆகவே முன்பின் ஓரிரு நாள்களிலும், நிற்குமிடத்தைச் சற்றே மாற்றிக்கொள்பவருக்குக் காட்சி கிட்டுகிறது. கலைஞரின் திறன் செயற்படுவது இங்கேதான்.

இனிக் கட்டடம். கோபுரத்தின் அடித்தளம் 1566இல் இடப்பட்டதாகக் கோயில் மரபு கூறுகிறது. மார்த்தாண்டவர்மர் காலத்தில் (1729–1758) எழுந்த நிலைகள், அடுத்து வந்த தர்மராஜா காலத்தில் (1758–1798) ஏழாக நிறைவுற்றன. இரண்டு நூற்றாண்டுகளில், பல கைகளால் உருவான ஒன்றை ஒரே மனத்தின் வானியல் திட்டமாகக் காண்பது கடினம். ஆனால் இதனால் கட்டடக் கலைஞரின் பெருமை குறைவதில்லை. தரையில் ஒரு கோலை நட்டு, வட்டம் வரைந்து, காலை மாலை நிழல்கள் வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்து நேர்கிழக்கைக் காணும் சங்குத்தாபன முறையைச் சிற்ப நூல்கள் விரித்துரைக்கின்றன. சாளரத்தில் தெரியும் கதிரவன், அம்முறை எத்துணைத் துல்லியமாகப் பின்பற்றப்பட்டது என்பதற்குச் சான்று. சமஇரவுக் காட்சி அத்துல்லியத்தின் இயல்பான விளைவு.

பருவத்தோடு தொடர்புடைய சான்று கோபுரத்தைக் காட்டிலும் விழாக்களிலேயே தெளிவாக உள்ளது. நம்மாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற இத்திருத்தலத்தின் இரு பெருவிழாக்கள் பைங்குனி உற்சவம், அல்பசி உற்சவம் எனப்படுகின்றன. மலையாளத் திங்கட் பெயர்கள் மீனமும் துலாமும். விழாப் பெயர்களோ பங்குனி, ஐப்பசி என்னும் தமிழ்ப் பெயர்களின் திரிபுகள். நாட்டின் மொழி மாறிய பின்னும் விழாவின் பெயர் மாறவில்லை. பைங்குனி விழா ரோகிணியில் கொடியேறி அத்தத்தில் ஆறாட்டுடன் முடிகிறது. அல்பசி விழா அத்தத்தில் தொடங்கித் திருவோணத்தில் முடிகிறது. இரண்டும் பத்து நாள்கள்.

இவ்விழாக்களைச் சமஇரவு விழாக்கள் என்று சொல்லிவிட முடியாது. விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நம் ஆண்டுக்கணக்கு, பருவ ஆண்டிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகுகிறது. இன்று மார்ச் சமஇரவு பங்குனியின் முதல் வாரத்தில் வருகிறது; செப்டம்பர் சமஇரவு புரட்டாசியிலேயே கடந்துவிடுகிறது. சித்திரை விஷுவும் ஐப்பசி விஷுவும் பெயரளவில் சமஇரவு நாள்களாக இருந்தும், உண்மை நாள்களிலிருந்து 24, 25 நாள்கள் தள்ளியே அமைகின்றன. கோபுரச் சாளரத்துக் கதிரவனும் கொடிமரத்துக் கொடியும் இருவேறு நாட்காட்டிகளைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒன்றாக்கும் குறிப்புகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

ஆயினும் விழாக்களில் பருவம் உயிரோடிருக்கிறது. பைங்குனி விழாவின்போது கிழக்கு வாயிலில் பஞ்சபாண்டவரின் பேருருவங்கள் நிறுத்தப்படுகின்றன. மழைத் தெய்வமான இந்திரனை மகிழ்விக்கவே இவ்வழக்கம் என்பர். கோடையின் தொடக்கத்தில் மழைக்கான வேண்டுதல் அது. அல்பசி விழா துலாவருடம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. புதுக்கதிர்களை இறைவன் திருமுன் வைக்கும் நிறைபுத்தரிச் சடங்குக்கு நெல் விளைந்த வயல், கோட்டைக்குக் கிழக்கே புத்தரிக்கண்டம் என்ற பெயரோடு இன்று மைதானமாக நிற்கிறது. வயல் போய்விட்டது, பெயர் மட்டும் சான்றாக எஞ்சியுள்ளது. நவராத்திரிக்கோ பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றன. 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் இம்மரபு நிற்கவில்லை.

இவ்வுலகைப் பதிவு செய்யும் முயற்சி ஒளிப்படத்துக்கு முன்பே தொடங்கியது. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) கோயில் திருவிழாவை நாள்தோறும் வருணித்து உற்சவப் பிரபந்தம் இயற்றினார். அவரே 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையமும் நிறுவினார். விழாவை விவரிக்கும் கண்ணும் வானத்தை அளக்கும் கண்ணும் அவரிடம் ஒன்றாக இருந்தன. நூற்றாண்டின் இறுதியில் அப்பணி ஒளிப்படப் பெட்டியின் கைக்கு வந்தது. திருவிதாங்கூர் அரசின் ஒளிப்படக் கலைஞரான சக்கரியா டி'குரூஸ் மலைகளையும் நீர்நிலைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். அவரது தென்னிந்தியக் காட்சித் தொகுப்பு, 1900இல் திருவிதாங்கூர் வந்த வைசிராய் கர்சனின் சேகரிப்பில் இடம்பெற்று, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. இயற்கைக் காட்சியும் வழிபாட்டிடமும் அத்தொகுப்பில் அடுத்தடுத்த பக்கங்கள். இவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரித்தது பின்னாளைய வழக்கம்.

கோயிலின் உள்ளே படமெடுக்க இசைவில்லை. இத்தடை கலைஞரைத் தெருவுக்கும் வானத்துக்கும் கடலுக்கும் அனுப்பியது. ஆறாட்டு நாளில் பத்மநாபர், நரசிம்மர், கிருஷ்ணர் திருமேனிகள் வாகனங்களில் எழுந்தருள, அரச மரபின் தலைவர் உடைவாளேந்தி உடன் நடக்க, ஊர்வலம் மேற்கே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடக்கிறது. விமான நிலையம் அமைந்தது 1932இல். ஊர்வலப் பாதை அதற்கு மூத்தது. எனவே ஆண்டுக்கு இருமுறை சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே நிறுத்தப்படுகிறது. ஓடுபாதைக் காட்சியே செய்தித்தாள்களில் அதிகம் இடம்பெறும் படம்.

ஆனால் வரலாற்றாய்வாளருக்கு மிகவும் பயன்படுவது அதற்கடுத்த படம், கடற்கரையில் எடுக்கப்படுவது. தென்மேற்குப் பருவமழையின் அலைகள் சங்குமுகத்து மணலை வாரிச் செல்கின்றன. கடல் தணிந்த மாதங்களில் மணல் மீள்கிறது. பங்குனி ஆறாட்டு, மணல் மீண்டு கரை அகன்றிருக்க வேண்டிய காலம். ஐப்பசி ஆறாட்டு, மழைக்காலச் சேதத்திலிருந்து கரை மீளத் தொடங்கும் காலம். ஆக, கடலோரச் சுழற்சியின் இரு வேறு கட்டங்களில், ஆண்டுதோறும், ஒரே இடத்தில், ஒரே சடங்கு படமெடுக்கப்படுகிறது. அங்குள்ள பழைய கல்மண்டபம் அளவுக்குறியாகவும் அமைகிறது. அண்மைக் காலத்தில் இச்சுழற்சி குலைந்துள்ளது. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின் அரிப்பு கடுமையாயிற்று. 2021 மே மாதக் கடற்சீற்றத்தில் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதி இடிந்தது. திருமேனிகள் நீராடும் கரையே சுருங்கிவருகிறது. எவரும் திட்டமிடாமலே, பக்தியும் கலையும் சேர்ந்து உருவாக்கிய கடலோர ஆவணம் இது.

அந்த ஆவணம் சிதறிக் கிடக்கிறது என்பதே கவலைக்குரியது. குடும்பத் தொகுப்புகளிலும் படக்கூடங்களின் பழைய படச்சுருள்களிலும் உள்ள ஆறாட்டுப் படங்களில் நாளும் நேரமும் நின்ற இடமும் குறிக்கப்பட்டால், அவை அழகியற் பொருள்களாக மட்டுமன்றிச் சான்றுகளாகவும் நிற்கும். கோபுரச் சாளரத்துக் கதிரவனை ஆயிரம் பேர் படமெடுக்கின்றனர். அடுத்த ஆண்டும் அவன் அங்கே வருவான். சங்குமுகத்து மணலைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.