அழகான வேன், அரித்துப்போன முதுகெலும்பு

காபி ஷாப் சுவரிலோ டி-ஷர்ட்டிலோ அந்த வேனை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வட்ட முகம், ரெண்டு கலர் பெயிண்ட், கூரை மேல ஒரு சர்ஃப் போர்டு. ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன்! இன்னிக்கு நாம கொஞ்சம் குனிஞ்சு, அதோட அடிப்பக்கத்தைப் பார்க்கப்போறோம்.

கதை 1947-ல் தொடங்குகிறது. போர் முடிந்து ரெண்டே வருஷம். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு வந்த பென் பொன் என்ற டச்சு கார் வியாபாரி, அங்கே ஒரு விசித்திர வண்டியைப் பார்க்கிறார். பீட்டில் காரின் அடித்தளத்தை வைத்து, தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சுமக்க ஒப்பேற்றிய வண்டி அது. அவருக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 23 அன்று ஒரு நோட்டில் படம் வரைகிறார்: ஒரு பெட்டி, முன்னால் டிரைவர், பின்னால் இன்ஜின், நடுவில் சரக்கு.

ரெண்டு வருஷம் கழித்து நிறுவனம் அதைச் செய்து பார்த்தபோது சிக்கல் வந்தது. பீட்டிலின் அடித்தளம் தாங்கவில்லை! ஏன்னு யோசிச்சுப் பாருங்க. டிரைவர் ஒரு முனை, இன்ஜின் மறுமுனை, நடுவில் முக்கால் டன் சுமை. அது கிட்டத்தட்ட ஒரு பாலம். அதனால் ஏணி மாதிரி ஒரு சட்டம் செய்து, அதையும் பாடியையும் ஒன்றாக வெல்டிங் செய்தார்கள். 1950 மார்ச்சில் உற்பத்தி ஆரம்பித்தது.

இந்த வேனுக்கு பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு ஏ4 பேப்பரை நிமிர்த்தி வைத்தால் நிற்காது. அதையே குழாயாகச் சுருட்டினால் மேலே ஒரு புத்தகத்தைக்கூட வைக்கலாம். அதே தந்திரம்தான். மெல்லிய தகடுகளை மடித்து, மூடிய பெட்டிகளாக வெல்டிங் செய்தார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியும் அப்படித்தான், உள்ளே வெறும் காற்று. எடை குறைவு, பலம் அதிகம். ஆனா அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீர் போய்விட்டால்? வடிவதற்கு விட்ட துளைகளைச் சேறு அடைத்துவிடும். இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கும்!

1951-ல் வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் இந்த வேனுக்குப் படுக்கையும் அலமாரியும் செய்து கொடுக்க ஆரம்பித்தது. சரக்கு வண்டி வீடாக மாறியது. வீடு என்றால் சமையல் ஆவி, தூங்குகிறவர்களின் மூச்சு. அந்த ஈரம் மரப்பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த தகட்டில் துளித்துளியாகப் படியும். வெளியே குளிர்காலச் சாலையில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் துருவை வேகப்படுத்தும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் வெல்டிங் இணைப்புகள் பிதுங்கிப் பிரியும். அதனால்தான் மழையும் உப்பும் குறைவான கலிஃபோர்னியாவில் ஓடிய வேன்களுக்கு இன்றும் தனி மதிப்பு.

1967-ல் வந்த இரண்டாம் தலைமுறை வேனில் சைடு கதவு தள்ளித் திறப்பது. பழைய வண்டியில் அது சரியாக மூடவில்லை என்றால் எல்லாரும் கதவைத்தான் குறை சொல்வார்கள். பல நேரங்களில் கீழே இருக்கும் பெட்டி அரித்துப்போய், வண்டியே நடுவில் தொய்ந்திருக்கும். வாங்குகிறவருக்கு அது தெரியாது. மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருப்பார்கள். பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது.

சரி, இதையெல்லாம் யாராவது சோதிக்க வேண்டாமா? இந்த வேன்களுக்கு ரசிகர்கள் ஏராளமாக இருக்கும் பிரிட்டனைப் பார்ப்போம். அங்கே 1960-ல் எம்.ஓ.டி. என்ற கட்டாய வாகனச் சோதனை வந்தது. முதலில் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் மட்டும்தான். பாடியும் சேஸிஸும் பட்டியலில் சேர்ந்தது 1977-ல்! சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் மோசமான துரு இருந்தால் வண்டி ஃபெயில். காரணம் எளிது: தகடு கிழிந்தால் பெல்ட்டும் கூடவே வந்துவிடும். அப்போதும், சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்கக்கூடாது.

இப்போ முக்கியமான திருப்பம். 2018 மே மாதத்திலிருந்து, பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அந்தச் சோதனையே கட்டாயமில்லை. வண்டியை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அதாவது, துரு வேலையை முடித்திருக்கக்கூடிய வயதில்தான் வெளி ஆள் பார்ப்பது நின்றுபோகிறது. பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதோ குழந்தைகள்.

சரக்கு சுமக்கச் செய்த இந்த வண்டி அரை நூற்றாண்டு ஓடும் என்று 1949-ல் யார் கணக்குப் போட்டிருப்பார்கள்? நம் பிரியம் அதை ஓட வைத்தது. அந்தப் பிரியத்தில் கொஞ்சம் சந்தேகமும் இருக்கட்டும். எந்தப் பழைய வேனில் ஏறினாலும் முதலில் குனிந்து, கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டுங்க. 'டிண்'னு கேட்டா நல்லது. 'பொத்'துன்னு கேட்டா, ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!